கிருஷ்ணாபுரத்துக் கண்ணும் ஒரு வைகாசி முகூர்த்தமும்

பதினொன்றரை மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் இலைக்கு அந்தப் பக்கம் குனிந்து முதலில் பார்த்தது அவள் கண்ணை. ஓமப் புகையில் கலங்கி, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது, வைகாசி வெக்கையில் வேர்த்து, நான் அவள் இமையில் மைக்கோடு போட்டு ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. கோடு போட்ட இடத்திலேயே நின்றது. கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கவில்லை. மாசி மாதம் ஆரம்பித்த வேலை அன்றைக்குத்தான் முடிந்தது என்று சொல்லலாம். இடையில் எங்கெங்கே தப்பினேன், என்ன அளவு, என்ன செலவு என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள். மாசியில் தேதி குறித்த மறுநாளே கடைக்கு வந்தாள். "மைனி, எனக்குக் கோயில் சிலைக்கு இருக்க மாதிரி கண்ணு வேணும். ஆனா நாடகத்துக்கு வேஷம் கட்டுன மாதிரி இருக்கப்பிடாது. போட்டோல நான் நானாத்தான் தெரியணும்" என்றாள். இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் வேலை.

முதலில் பார்க்க வேண்டியதைப் பார்க்கப் போனேன். திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துச் சிற்பங்கள், ஆள் உயரத்துக்கு. எல்லோரும் குறவனையும் குறத்தியையும் கர்ணனையும் அர்ச்சுனனையும் பார்க்கத்தான் நிற்பார்கள். நான் ரதி முன்னால் ஒரு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த சிலை. வரைய உட்கார்ந்த அன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தேன். அந்தக் கண்ணில் இமை முடி கிடையாது, நிறம் கிடையாது. மேல் இமையின் விளிம்பு ஒரு வரப்பு மாதிரி தடித்து, கண்ணின் கடைசியில் கீழ் இமையைத் தாண்டிப் போகிறது. புருவம் அதே வளைவை மேலே இன்னொரு தடவை சொல்கிறது. கண்ணை நீளமாகக் காட்டுவது இந்த இரண்டு கோடுகள்தான். கல்லின் கருமையில் அந்த முகம் அவ்வளவு அழகு. நம் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு ஷேடு ஏற்றி வெளுப்பாக்கும் மேக்கப்பை நான் விட்டு நாலு வருஷம் ஆகிறது. ரதி முன்னால் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் அந்த முடிவு இன்னும் உறுதியாயிற்று.

நிறத்துக்கு வேறு இடம் தேடினேன். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. தாமிரபரணியும் கடனா நதியும் கூடும் இடம் அது. ஓவியங்களை நான் போட்டோக்களில்தான் பார்த்தேன். காவிச் சிவப்பு, மஞ்சள், கருப்பு வெளிக்கோடு. அந்தச் சிவப்பை உதட்டுக்கும் நெற்றிக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று குறித்து வைத்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஓவியத்தின் கண்ணையும் சேர்த்து எடுத்ததுதான் முதல் தப்பு.

மாசி கடைசியில் முதல் ட்ரையல், அதாவது கல்யாண மேக்கப்புக்கு ஒரு முன்னோட்டம். அந்த ஓவியங்களில் பக்கவாட்டு முகங்கள் அதிகம். முகம் பக்கவாட்டில் இருக்கும், கண்ணை மட்டும் நேராகப் பார்ப்பது போல முழுசாக வரைந்திருப்பார்கள். அதனால்தான் அந்தக் கண் காது வரைக்கும் ஓடுவது போலத் தோன்றுகிறது. அந்த நீளத்தை நேர்முகத்தில் கொண்டுவந்து வைத்தேன். அவள் கண் உள்முனையிலிருந்து வெளிமுனைக்கு 31 மில்லிமீட்டர். வெளிமுனைக்கு அப்பால் 18 மில்லிமீட்டர் கோடு இழுத்தேன். பக்கவாட்டில் பார்த்தால் அருமையாக இருந்தது. நேராகத் திரும்பினாள், அவ்வளவுதான், கூத்துக்கு வேஷம். அவள் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் கீழே வைத்தாள்.

கல்யாணப் பெண்ணை ஊர் முழுக்க நேர்முகமாகத்தான் பார்க்கும், மேடையில் உட்கார்ந்திருப்பவளை. அதற்குச் சிலைதான் வழிகாட்டி, ஓவியம் இல்லை. கண்ணின் வடிவத்தைக் கிருஷ்ணாபுரத்திலிருந்து எடுப்பது, நிறத்தைத் திருப்புடைமருதூரிலிருந்து எடுப்பது என்று அன்றைக்கே பிரித்துக்கொண்டேன். அடுத்து 10 மில்லிமீட்டர், பிறகு 7. ஏழில் நின்றுவிட்டேன். கோட்டின் தடிமன் நடு இமையில் 2 மில்லிமீட்டர், முனையில் ஒன்றுக்கும் குறைவு. முனையை மேலே தூக்காமல், மேல் இமையின் வளைவு தானாக எங்கே போகுமோ அங்கேயே விட்டேன். இப்போது எல்லோரும் போடும் பூனைக்கண் கோடு மேலே ஏறும். சிலையின் கோடு கிட்டத்தட்ட நேராகப் போய் மெலிந்து முடியும். அந்த ஒரு வித்தியாசத்திலேயே முகம் பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. கீழ் இமையில் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் லேசான கோடு. புருவத்தில் முடி எடுக்கவில்லை, வால் பக்கத்தை மட்டும் 5 மில்லிமீட்டர் நீட்டினேன்.

அடுத்தது மை. இதில்தான் நாள் அதிகம் போனது.

கடையில் வாங்கும் ஜெல் லைனர் கருப்பில் ஒரு மினுமினுப்பு இருக்கும். மண்டபத்து லைட்டில் அது பளபளத்து இன்றைய சாமான் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு வேண்டியது வெளிச்சத்தை உறிஞ்சும் கருப்பு. பெண்ணுடைய ஆச்சிக்கு வயது எண்பதுக்கு மேல். "வீட்டு மைதான் அப்படி இருக்கும். நான் சொல்லுதேன், நீ செய்யி" என்றார்கள்.

வயல் வரப்பில் பறித்த கரிசலாங்கண்ணியை இடித்துப் பிழிந்து, வெள்ளை மல் துணியை அந்தச் சாற்றில் நனைத்து நிழலில் காயப்போட வேண்டும். இப்படி மூன்று நாள், மூன்று தடவை. நன்றாகக் காய்ந்த துணியைத் திரித்து, அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்ற வேண்டும். விளக்குக்கு இரண்டு பக்கமும் செங்கல், மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, தட்டின் உள்பக்கம் சந்தனம் தடவி வைக்க வேண்டும். எழுத இவ்வளவுதான். முதல் ராத்திரி தட்டைச் சுடரிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தேன். காலையில் தட்டில் மை இல்லை, அடுக்களைச் சுவரெல்லாம் இருந்தது. இரண்டாம் ராத்திரி 2 சென்டிமீட்டருக்கு இறக்கினேன். பத்து நிமிஷத்தில் விளக்கு அணைந்துவிட்டது. சுடருக்குக் காற்று வேண்டும், புகைக்கு ஒதுங்க இடம் வேண்டும். கடைசியில் 5 சென்டிமீட்டர், காற்று வராத மூலை, ஒரு பக்கச் செங்கலை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் தள்ளி ஒரு சந்து. காலையில் தட்டைத் திருப்பினால் வெல்வெட்டு விரித்த மாதிரி மை. தொட்டால் விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. மூன்று ராத்திரி சேர்த்து ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடத்தான் கிடைத்தது. நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று என்னிடம் இருந்ததால் அளக்க முடிந்தது.

ஆச்சி சொன்னபடி விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தேன். ஒரு பங்கு மைக்கு 4 பங்கு எண்ணெய். பூசினால் கருமை தெய்வீகமாக இருந்தது. நாற்பது நிமிஷத்தில் கண்ணுக்குக் கீழே இறங்கிவிட்டது. விளக்கெண்ணெய் காயாத எண்ணெய், தோலில் எத்தனை நேரம் இருந்தாலும் ஈரமாகவே இருக்கும், வேர்வை பட்டால் நகரும். அந்தக் காலத்தில் மை கலைந்தால் மறுபடி இட்டுக்கொள்வார்கள், நாள் முழுக்க போட்டோவுக்கு நிற்க வேண்டியதில்லை. எண்ணெயை 2 பங்காகக் குறைத்து, 0.6 பங்கு தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தேன். இறுகியது, இரண்டரை மணி நேரம் தாங்கியது. கல்யாணத்துக்கு அது போதாது.

வழி கிடைத்தது சித்திரையில், மூன்றாவது ட்ரையலுக்கு இரண்டு நாள் முன்னால். எண்ணெயில் குழைப்பதையே விட்டேன். வாட்டர்ப்ரூஃப் ஜெல் லைனரில் கோடு போட்டு, அது காய்வதற்குள், கிட்டத்தட்ட இருபது நொடிக்குள், மெல்லிய துணியில் இரண்டு தடவை சலித்த உலர்ந்த மையைத் தட்டையான சின்ன பிரஷ்ஷால் அதன் மேல் ஒற்றினேன். தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான் வேண்டும். ஜெல் பிடித்துக்கொள்கிறது, மை அதன் மினுமினுப்பை விழுங்கிவிடுகிறது. என் கையில் போட்டு, நாற்பது நிமிஷம் வெயிலில் நின்று, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அசையவில்லை. ஒற்றும்போது கன்னத்தில் தூள் உதிரும். அதனால் கண் வேலை முடிந்த பிறகுதான் கண்ணுக்குக் கீழே ஃபவுண்டேஷன் போட வேண்டும். இந்த வரிசையைத் தெரியாமல் ஒரு தடவை முழு முகத்தையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மையைக் கண்ணுக்குள், இமை விளிம்பின் ஈரமான இடத்தில், நான் இடவில்லை. இமைக்கு வெளியே மட்டும்தான். உள்ளே பரிசோதிக்கப்பட்ட கடைக் காஜல். வீட்டு மை காதுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்கத் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லை என்று தெரிந்த பிறகே முகத்துக்கு வந்தது. துணி அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும், அதில் திரித்த திரி வேண்டவே வேண்டாம். "சுருமா வாங்கிப் போடேன், அதும் பழசுதான" என்று ஒருவர் சொன்னார். சுருமா என்பது கல்லைப் பொடித்துச் செய்யும் கண் மை. சில சுருமாக்களில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பழசு என்பதற்காக எதையும் கண் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.

முகத்தின் அடிப்பூச்சில் இரண்டு தப்பு. பங்குனியில் இரண்டாவது ட்ரையலில் மேக்கப் கலையாமல் நிற்க மேலே தூவும் செட்டிங் பவுடரில், வெள்ளையாக இருக்கும் ஒரு மெல்லிய வகையைப் போட்டேன். முகத்தில் தெரியவே தெரியாது என்று நம்பி 850 ரூபாய்க்கு வாங்கியது. நேரில் தெரியவில்லைதான். ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் விபூதி பூசினது போல வெள்ளை. சிலிக்கா அதிகமுள்ள பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கல்யாணத்துக்கு அவள் நிறத்திலேயே இருக்கும் பவுடரை, அதுவும் மூக்குப் பக்கமும் நெற்றியிலும் மட்டும் போட்டேன். கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் ஒரு மெல்லிய பூச்சு, அதன் மேல் கன்சீலர் ஒரு பயறு அளவு. அதற்கு மேல் போட்டால் மாநிறம் சாம்பல் பூத்துவிடும்.

இரண்டாவது தப்பு மஞ்சள். ட்ரையல்களில் ஃபவுண்டேஷன் ஷேடு அவள் தாடையோடு அப்படியே கரைந்தது. ஆனால் நலங்கில் பூசுகிற விரலி மஞ்சள் ஒரு குளியலில் போகாது. சித்திரை ட்ரையலுக்கு முந்தின நாள் வீட்டில் ஒரு விசேஷம், அவள் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தாள். அதே ஷேடு அன்றைக்கு முகத்தில் தனியாக மிதந்தது. நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்தது. ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். "மஞ்ச பூசாம என்ன கல்யாணம்?" என்றார்கள். அதை நான் எப்படி மறுப்பேன்? முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள், கை காலுக்கு விரலி மஞ்சள் என்று பேசி முடித்தோம். கஸ்தூரி மஞ்சள் வாசம் கொடுக்கும், கறை அவ்வளவாகப் பிடிக்காது. அப்படியும் கொஞ்சம் பொன்னிறம் ஏறும் என்று, மஞ்சள் சாயல் கூடின அடுத்த ஷேடையும் எடுத்துப் போய், இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தேன். கழுத்துக்கும் முகத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் வந்தது.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவியை அலங்கரிக்கும் வரிசை வருகிறது. வாசனைத் தண்ணீரில் குளித்து, கூந்தலுக்கு அகில் புகை காட்டி, பிறகு பாதத்தில் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டி, அப்புறம் காலிலிருந்து மேலே ஒவ்வொரு நகையாகப் போகும். அந்த ஆசையில் செம்பஞ்சு வாங்கிக் காலில் இட்டேன். பார்க்க அவ்வளவு லட்சணம். அவள் நடந்து வந்ததும், வேர்வையில் கரைந்து புடவைக் கரையில் சிவப்பு ஏறிவிட்டது. ட்ரையலுக்குக் கட்டியிருந்தது பழைய புடவை. கல்யாணப் பட்டாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? செம்பஞ்சை எடுத்துவிட்டு, இரண்டு நாள் முன்னாலேயே மருதாணி அரைத்து, விரலுக்குத் தொப்பியும் உள்ளங்கையில் ஒரு வட்டமும், பாதத்தின் ஓரம் செம்பஞ்சு ஓடுகிற அதே கோட்டில் ஒரு விரல் அகலமும் வைத்தோம். மருதாணி கழுவின அன்றைக்கு ஆரஞ்சாக இருக்கும், மறுநாள்தான் அடர்ந்து சிவக்கும். முகூர்த்தத்துக்குச் சரியாக வந்தது.

ஆனால் அந்த வரிசை வீண் போகவில்லை. அதுவரைக்கும் நான் முகத்தை முடித்துவிட்டுத் தலை பின்னுவேன். மாதவிக்குக் கூந்தல்தான் முதலில். அப்படியே மாற்றிப் பார்த்தேன். அயர்ன் சூடும் ஸ்ப்ரேயும் முகத்தில் படுவதற்கு முன்னாலேயே தலை வேலை முடிந்துவிடுகிறது. இனி எல்லாப் பெண்களுக்கும் இந்த வரிசைதான்.

கொண்டை இடப்பக்கம் சாய்ந்த ஆண்டாள் கொண்டை. சவுரி வைத்து, யு-பின் 22 குத்தி, பிச்சி மொட்டு நாலு முழம். முதல் தடவை கொண்டையைக் காதுக்குப் பின்னால் கழுத்தை ஒட்டி வைத்தேன், அழகு அங்கேதான். வீட்டில் ஒரு ஒத்திகை மாதிரி மாலை போட்டுப் பார்க்கச் சொன்னேன். மாலை கொண்டையை முட்டியது. அதைவிட முக்கியம், தாலி கட்டும்போது நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போட வேண்டும், கை போக வழியில்லை. இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றினேன், சாய்வைக் கொஞ்சம் குறைத்தேன். அன்றைக்கு முடிச்சு விழும்போது ஒரு பூக்கூட உதிரவில்லை.

உதட்டுக்கு வெற்றிலைச் சிவப்பும் காவியும் கலந்த மேட் லிப்ஸ்டிக். ஓரக் கோடு தனியாகப் போடவில்லை, விரலால் ஓரத்தை மெதுவாகக் கரைத்தேன். வெற்றிலை போட்ட உதடு அப்படித்தான் இருக்கும். இமையில் அதே காவி நிறம் லேசாக, மினுக்குத் தூள் கிடையாது. நெற்றியில் ஒட்டுப் பொட்டு வேண்டாம் என்று, தேன்மெழுகைத் தீக்குச்சி முனை அளவு தடவி அதன் மேல் குங்குமம். இது நம் பாட்டிமார் செய்தது. உதிராமல் நின்றது, முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வைத்த குங்குமமும் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்தன்று அதிகாலை இரண்டரைக்குத் தலையில் கை வைத்தேன். மூன்றரைக்குக் கொண்டை முடிந்தது. கண் நாலரைக்கு, பிறகு அடிப்பூச்சு, உதடு, புடவை. ஐந்தரைக்கு அவள் எழுந்து நின்றாள். ஆறு மணிக்கு முகூர்த்தம் தொடக்கம். மண்டபத்தில் ஏசி கிடையாது. நான் மேடைக்குக் கீழே ஒரு டிஷ்யூ கட்டோடு நின்றேன், நாலைந்து தடவை நெற்றி வேர்வையை ஒற்றியெடுத்ததைத் தவிர வேறு வேலை வரவில்லை. ஆச்சி வந்து அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள். "எங்கம்மைக்கு இப்படித்தான் மை இட்டு விடுவாவ" என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பக்கம் அவள் தோழிகள் போனில் எடுத்த போட்டோவைப் பெரிசாக்கி, "லைனர் எந்த பிராண்டு மைனி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், வழக்கமாக என்னிடம் இருக்கும் சாமான்களை விட்டுவிட்டு இதற்கென்று வாங்கினவை மட்டும். விளக்கெண்ணெய் 110, தேன்மெழுகு 95, ஜெல் லைனர் 575, வீணாய்ப் போன பவுடர் 850, செம்பஞ்சு 60, மூன்று ட்ரையலுக்கும் பூ 420, கிருஷ்ணாபுரம் பஸ்ஸும் நோட்டும் 130. ஆகமொத்தம் 2,240 ரூபாய். அந்தப் பவுடரையும் செம்பஞ்சையும் கழித்தால் 1,330தான் ஆகும். நேரக் கணக்கு வேறு. மைக்கு மட்டும் ஒன்பது ராத்திரி போனது, அதில் உருப்படியானது மூன்று.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். முதல் ட்ரையலையே ஃபிளாஷ் போட்டோவோடு வைத்துக்கொள்வேன், ட்ரையலுக்கு முந்தின நாள் மஞ்சள் தேய்த்துக் குளிக்கச் சொல்வேன். மாலை, தாலி முடிச்சு ஒத்திகையை முதல் நாளே பார்த்துவிடுவேன். புருவத்தை 5 மில்லிமீட்டர் நீட்டினது சற்றுக் கூடுதல், ஆல்பத்தில் பார்க்கும்போது இடது பக்கம் மட்டும் தனியாகத் தெரிகிறது. மூன்றே போதும். கீழ் இமைக் கோட்டில் மையை ஒற்றாமல் வெறும் ஜெல்லோடு விட்டது சரிதான், அதை மாற்ற மாட்டேன். கழுகுமலை வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம், அங்கே முகங்களின் மென்மை வேறு மாதிரி. ஆவணியில் வருகிற பெண்ணுக்கு வட்ட முகம். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது அங்கே போய் உட்கார வேண்டும்.

மிச்ச மை அரை கிராம் இருக்கிறது, ஆச்சி கொடுத்த பித்தளைச் சிமிழில்.